ஆயுள் சந்தா நோட்டு: ஒரு சபைப் புத்தகக் கடையில நாலு வருஷம்

தபால் ஆபீஸ்ல 31 வருஷம் வேலை பாத்தவன் நான், அதுல பெரும்பகுதி பாளையங்கோட்டையும் அதச் சுத்தி உள்ள ஊர்களும் தான். மாசாமாசம் ஒரு தேதி உண்டு, அன்னைக்கு கிறிஸ்தவ சபைப் பத்திரிகைக் கட்டு வரும். சணல் போட்டு இறுக்கிக் கட்டி, மேல் தாள்ல ஊர்ப் பேரு மட்டும் பெருசா எழுதிருக்கும், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், இடையன்குடி, டோனாவூர், சுரண்டைன்னு. பதிவு செஞ்ச பத்திரிகைங்கிறதால 50 கிராமுக்குள்ள இருந்தா 25 பைசா தான் தபால் செலவு, அந்தச் சலுகையில தான் கூரைக் கோயில் வச்சிருந்த சபைக்குக் கூட அது போய்ச் சேந்துச்சு. நான் சேந்த புதுசுல ஏழு சாக்கு வரும். ரிட்டையர் ஆன 2020-ல அரைச் சாக்கு. நடுவுல என்ன நடக்குன்னு பாத்துக்கிட்டே தான் இருந்தேன், ஆனா அது நம்ம சோலி இல்லைன்னு இருந்துட்டேன், அந்த வருத்தம் இப்பவும் இருக்கு.

எங்க அப்பா ஒரு சபை அச்சகத்துல கம்போசிட்டர், அதாவது அச்சுக் கோக்கிறவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா விரல் நுனியெல்லாம் ஈயக் கருப்பு, சோப்பு போட்டாலும் போகாது. எழுத்தத் தலைகீழாப் படிச்சுப் படிச்சு, எங்க பாடப் புத்தகத்த எதுக்க உக்காந்துக்கிட்டே அங்க இருந்து வாசிச்சுக் காட்டுவாங்க. அதனால 2021-ல கொரோனா கொஞ்சம் அடங்கினதும் எங்க சபை ஐயர் (பாஸ்டரத் தான் நாங்க அப்படிச் சொல்லுவோம்) வந்து, "அண்ணாச்சி, சபைப் புத்தகக் கடைய யாராச்சும் பாக்கணும், சம்பளம் குடுக்க முடியாது, மூடிறலாம்னு கமிட்டி சொல்லுது"ன்னு சொன்னப்ப என்னால மாட்டேன்னு சொல்ல முடியல. எந்த சபை, எந்தக் கடைன்னு நான் இதுல எழுதல. யாரையும் குத்தம் சொல்லி ஆகப்போறது ஒண்ணும் இல்ல, இதே நெலமையில இன்னும் எத்தனையோ சபைக் கடைகள் இருக்கு, அவங்களுக்கு உதவும்னு தான் எழுதுதேன்.

முதல் வேலையா கடைக்குப் பின்னாடி இருந்த ரூமைத் திறந்தோம். பூட்டு துரு ஏறிப் போய் கொல்லரைக் கூட்டியாந்து உடைக்க வேண்டியதாப் போச்சு. உள்ள தரையில இருந்து கூரை வரைக்கும் கட்டு. வாலிபர் சங்கத்துப் பையங்க ரெண்டு பேரும் நானும் 19 நாள் எண்ணினோம். கீழ் வரிசை முழுக்க செல்லரிச்சு, தூக்கினா மாவா உதிர்ந்துச்சு. எண்ணி முடிச்சு எழுதிப் பாத்தப்ப தான் எனக்கு விஷயம் உறைச்சது. பெரும்பாலும் விழா மலர். கோயில் பிரதிஷ்டை நூற்றாண்டு மலர், அத்தியட்சர் (பிஷப்) பட்டாபிஷேக மலர், பள்ளிக்கூட வைர விழா மலர், ஒவ்வொண்ணுலயும் முதல் 20 பக்கம் கமிட்டி அங்கத்தினர் படமும் விளம்பரமும். அதுக்கடுத்து, யாரோ ஒரு பெரியவர் தன்னோட பிரசங்கங்கள 1000 காப்பி போடச் சொல்லி, வெளியீட்டு விழாவுல 100 குடுத்துட்டு, மிச்சத்த இங்க தள்ளிட்டுப் போனது. ஆனா வாசல்ல வந்து நிக்கிறவங்க கேக்கிற கீர்த்தனைப் புத்தகம், பாமாலை, ஞாயிறு பள்ளிப் பாடம், இது ஒண்ணு கூட அந்த ரூம்ல இல்ல.

அந்த மாசமே பல்கலைக்கழகத்துல படிக்கிற பையன் ஒருத்தன் வந்து ரட்சணிய யாத்திரிகம் இருக்கான்னு கேட்டான். கரையிருப்புல பொறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை எழுதி 1894-ல வந்த காவியம், நம்ம மண்ணுல முளைச்சது, நம்ம கடையில இல்ல. பையன் போனதுக்கு அப்புறம் அன்னைக்கு முழுக்க எனக்கு சாப்பாடு இறங்கல.

சபைக் கடை நடத்துறவங்க முதல்ல பூராத்தையும் எண்ணுங்க. ஒரு நோட்டு போட்டு மூணு பத்தியா கோடு போடுங்க, என்ன இருக்கு, போன வருஷம் எத்தனை வித்துச்சு, ஜனங்க கேட்டு நம்மகிட்ட இல்லாதது என்ன. அந்த மூணாவது பத்தி தான் முக்கியம், அத யாரும் எழுதுறதே இல்ல. நான் கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு சிலேட்டே வச்சுட்டேன், இல்லைன்னு ஒரு தடவ சொன்னா ஒரு கோடு. ஆறு மாசத்துல எத அச்சடிக்கணும்னு அந்த சிலேட்டே சொல்லிருச்சு, கமிட்டி கூடி விவாதிக்க வேண்டிய தேவையே இல்லாம.

அடுத்தது பத்திரிகை. இதுல தான் பெரிய காயம். 1990-கள்ல கட்டட நிதிக்கு பணம் வேணும்னு ஆயுள் சந்தா 150 ரூபான்னு வாங்கிருக்காங்க. வாங்கின பணம் அப்பவே செலவாயாச்சு, ஆனா பத்திரிகை அனுப்புற கடமை 30 வருஷமா ஓடிட்டு இருக்கு, 150 ரூபாய்க்கு 360 இதழ்னு வச்சாலும் ஒரு இதழுக்கு அரை ரூபா கூட வரல, பேப்பர் காசுக்கே காணாது. அந்த ஆயுள் சந்தா லெட்ஜர எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு விலாசமா பாத்தேன். தபால்காரன் கண்ணுக்கு விலாசம்னா அது ஒரு ஆளோட முகம் மாதிரி. பின்கோடு இல்லாதது, இடிச்சுப் போட்ட லைன் வீட்டு நம்பர், மூணு தடவ மாத்தல் ஆன டீச்சர், செத்துப் போய் பத்து வருஷம் ஆனவங்க. பீட் போஸ்ட்மேன் திருப்பி அனுப்பின இதழ்ல "காலமானார்"னு எழுதி வச்சதையும் கூட யாரும் லெட்ஜர்ல அடிக்கல, அடுத்த மாசமும் அதே ஆளுக்குப் போயிருக்கு. செத்தவங்களுக்கு பத்திரிகை அனுப்பிட்டு, உயிரோட இருக்கவங்கள நாம விட்டுட்டோம்.

போன் நம்பர் ஒண்ணும் கிடையாது, அதனால நேர்ல போறதுன்னு முடிவு பண்ணேன். வாரத்துல ரெண்டு நாள், தோள்ல ஒரு பை, அதுல 20 புத்தகம், கையில லெட்ஜர். பாளையங்கோட்டையில ஏறி நாசரேத், திசையன்விளை, வள்ளியூர் பக்கம்னு பஸ்ஸுல. அந்தக் காலத்துல புஸ்தகக்காரர்னு ஒருத்தர் இப்படித் தான் வருவார், வெள்ளை வேட்டி, துணிப்பை, வெயில்ல நடந்து வந்து திண்ணையில உக்காந்து மோர் வாங்கிக் குடிச்சுட்டு ஒரு சங்கீதம் வாசிச்சுட்டு, காலணாப் புத்தகத்துல இருந்து பைபிள் வரைக்கும் எடுத்து வைப்பார்னு எங்க ஆச்சி சொல்லுவாங்க. சபை ரெக்கார்டுல கோல்போர்ட்டர்னு எழுதிருக்கும். அந்த வேலைக்கு ஆள் போடுறத எப்பவோ நிறுத்திட்டாங்க, செலவு மிச்சம்னு. மெஷினுக்கு லோன் வாங்கினாங்க, ரெண்டு கலர் ஆஃப்செட் வந்துச்சு, ஏசி ரூம் வந்துச்சு, ஆனா புத்தகத்த வீட்டுக்குக் கொண்டு போற மனுசன எடுத்துட்டாங்க. ஜனங்க வாசிக்கிறதில்ல, செல்போன் வந்து கெடுத்துட்டுன்னு எல்லாரும் சொல்லுதாங்க, நானும் அப்படித் தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா லெட்ஜர்ல இருக்க தேதியப் பாத்தா, செல்போன் வர்றதுக்கு முந்தியே பாதி சந்தா விழுந்துருக்கு. விழுந்தது எல்லாம் யாரும் போய்ப் பாக்காத ஊர்.

ஒரு வீட்ட மட்டும் சொல்லணும். திசையன்விளைக்கு உள்ள போற ரோட்டுல ஒரு ஊர், பனங்காட்டுக்கு நடுவுல ஓட்டு வீடு. ஆச்சிக்கு 84 வயசு. லெட்ஜர்ல அவங்க வீட்டுக்காரர் பேரு தான் இருந்துச்சு, அவரு போய் 12 வருஷம். கட்டில்ல தலைமாட்டுல ஒரு கீர்த்தனைப் புத்தகம், அட்டை போய் காக்கி பிரவுன் பேப்பர் போட்டு வெள்ளை நூலால தச்சிருந்தாங்க, ஓரமெல்லாம் விரல் பட்டு பட்டு மெழுகு மாதிரி ஆயிருந்துச்சு. அதுல பழைய எழுத்து, 1978-ல அரசாங்கம் எழுத்த மாத்துறதுக்கு முன்ன உள்ள ணை, லை, அந்தக் கொம்பு வச்சது. "ஐயா, பேத்திய வாசிக்கச் சொன்னா இந்தக் கொம்புல தட்டித் தட்டி நிக்கா, பாட்டு ஓடமாட்டேங்கு. எனக்கு புஸ்தகமே வேண்டாம், எல்லாம் மனப்பாடம். அவளுக்கு புது எழுத்துல ஒண்ணு வேணும், எனக்கு ஆராதனைப் புஸ்தகம் கண்ணுக்குத் தெரியிற எழுத்துல வேணும், இருக்கா?"ன்னாங்க. ரெண்டுமே என் பையில இல்ல. இருந்தது பிரசங்கத் தொகுப்பு. ஆச்சி காப்பி போட்டுக் குடுத்தாங்க, நான் வெறும் கையோட தான் வந்தேன். சிலேட்டுல அன்னைக்கு ரெண்டு கோடு.

அப்படி 14 மாசம் அலைஞ்சு எடுத்த கணக்குல, வேணும்னு சொன்னது மூணே வகை தான். பெரிய எழுத்து (18 பாயிண்டுக்குக் குறையாம), பிள்ளைகளுக்கு படத்தோட சின்னப் புத்தகம், அப்புறம் அவங்கவங்க ஊர் சபையோட வரலாறு. கோயில்ல எல்சிடி திரை மாட்டினதுல இருந்து பாட்டுப் புத்தகம் கையில எடுக்கிறது குறைஞ்சு போச்சு, அது நெசம், ஆனா வீட்டு ஜெபத்துல திரை கிடையாது. வெளிநாட்டுல இருக்க பேரப் பிள்ளைகளுக்கு தமிழ்ப் பாட்ட இங்கிலீஷ் எழுத்துல போட்டுத் தாங்கன்னும் நிறைய பேர் கேட்டாங்க. அச்சுக் கோத்தவர் மகனுக்கு இது வலிக்கத் தான் செஞ்சது. ஆனாலும் அந்தப் பிள்ளை பாட்டாவது பாடட்டும்னு, தமிழ் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் இங்கிலீஷ் எழுத்துன்னு 40 பாட்டு போட்டோம். தமிழ எடுத்துட்டு இங்கிலீஷ் மட்டும் போட மாட்டேன்னு அதுல மட்டும் பிடிவாதமா நின்னேன்.

அச்சடிக்கிறதுக்கு வர்றேன். முன்னால எது போட்டாலும் 1000 தான், ஏன்னா ஆஃப்செட்டுல அதுக்குக் கீழ போனா கட்டாது. 160 பக்க டெம்மி அளவுப் புத்தகத்துக்கு எங்களுக்கு ஆஃப்செட்டுல காப்பி 52 ரூபா வந்துச்சு, டிஜிட்டல்ல 100 காப்பி போட்டா 88 ரூபா. கமிட்டில எல்லாரும் 52 தான் மலிவுன்னாங்க. நான் ரூமைத் திறந்து காட்டினேன். 1000 போட்டு 260 வித்தா, விக்கிற ஒவ்வொரு காப்பியும் நமக்கு 200 ரூபா ஆகுது, அதுக்கு மேல செல்லு தின்ன பாவம் வேற. அதுல இருந்து 100, 150 தான் போடுதோம், தீந்தா மறுபடி 100. ஒரு முக்கியமான விஷயம், அச்சடிச்ச புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனா நாம வாங்கிற பேப்பருக்கு உண்டு, புத்தகத்துக்கு வரி இல்லாததால பேப்பருக்குக் கட்டின வரிய திருப்பி எடுக்கவும் முடியாது. விலை போடும்போது இத சேத்துப் போடணும், நாங்க முதல் ரெண்டு புத்தகத்துல இத விட்டுட்டு கையச் சுட்டுக்கிட்டோம்.

பேப்பர் பஞ்சம்னு புலம்புறது புதுசு இல்ல. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல தரங்கம்பாடிக்கு வந்து, 1715-ல தமிழ் புதிய ஏற்பாட்ட அச்சடிச்சு முடிச்ச காலத்துலயே பேப்பர் கிடைக்காம திண்டாடிருக்காங்க, எழுத்தச் சின்னதா வார்த்து, பொறையாறுல பேப்பர் ஆலையே வச்சுப் பாத்துருக்காங்க. அதுக்கும் முன்னாடி, 1578-ல கொல்லத்துல அச்சான தம்பிரான் வணக்கம்ங்கிற தமிழ் ஞானோபதேசப் புத்தகம் வெறும் 16 பக்கம் தான். அத தமிழ்ல குடுத்த போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் உழைச்சது நம்ம புன்னைக்காயல் கடற்கரையில, அங்க உள்ள ஜனங்களுக்காக. யாரு வாசிக்கப் போறான்னு தெரிஞ்சு போட்ட 16 பக்கம். எங்க கமிட்டியில பெரிய புத்தகம் தான் கௌரவம்னு பேச்சு வரும்போதெல்லாம் நான் இதத் தான் சொல்லுவேன். இப்ப நாங்க போடுற ஊர் வரலாறு எல்லாம் 32 பக்கம், சென்டர் பின், 30 ரூபா.

பழைய ஃபைல் கதை தனிக் கதை. 1998-ல இருந்து 2012 வரைக்கும் அச்சடிச்சது எல்லாம் பேஜ்மேக்கர்ங்கிற பழைய சாஃப்ட்வேர்ல, யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருல இருக்கு. கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி பக்கம் கோத்த (டிடிபி) தங்கச்சி கல்யாணமாகிப் போனதோட அந்த எழுத்துரு எதுன்னும் தெரியல, திறந்தா எல்லாம் கிறுக்கலா வருது. சிடியில பாதி ஓடவே இல்ல. கடைசில அச்சான புத்தகத்தையே ஸ்கேன் பண்ணி, கூகுள்ல போட்டு எழுத்தா மாத்தி, தப்புத் திருத்தினோம். புது எழுத்துன்னா நல்லா வருது, 1978-க்கு முந்தின எழுத்துன்னா அந்தக் கொம்பு ணை, லை வர்ற இடத்துல எல்லாம் தப்புத் தப்பா எடுக்கும், ஒவ்வொரு வரியையும் கண்ணு வச்சுப் பாத்தாகணும். ரிட்டையர் ஆன தமிழ் டீச்சரம்மா நாலு பேரு வீட்டுல இருந்தே திருத்திக் குடுத்தாங்க, சம்பளம் வேண்டாம்னுட்டாங்க, திருத்தினவங்க பேர புத்தகத்துல போட்டோம். இப்ப எது முடிச்சாலும் யூனிகோடு ஃபைல் ஒண்ணு, பிடிஎஃப் ஒண்ணு, மூணு வேற வேற இடத்துல வைக்கோம், கடையில ஒண்ணு, ஐயர் கிட்ட ஒண்ணு, கிளவுடுல ஒண்ணு. எழுத்துரு பேர முதல் பக்கத்துலயே எழுதி வைக்கச் சொல்லிருக்கேன்.

உரிமை விஷயத்துலயும் ஒரு அடி வாங்கினோம். பழைய நாடகப் புத்தகம் ஒண்ண சபை வெளியீடு தானன்னு மறுபடி போட்டோம், எழுதினவரோட மகன் வந்து நின்னுட்டாரு. நியாயம் அவர் பக்கம் தான், ஒப்பந்தம்னு ஒரு துண்டுச் சீட்டு கூட எங்ககிட்ட இல்ல. சட்டப்படி எழுதினவர் செத்த வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம் உரிமை குடும்பத்துக்கு. 1964-ல காலமானவர்னா 2025 ஜனவரியில இருந்து தான் யாரும் போடலாம். மொழிபெயர்ப்பாளருக்கும் இதே கணக்கு தனியா உண்டு. கிருஷ்ண பிள்ளை 1900-லயே போயாச்சு, அதனால ரட்சணிய யாத்திரிகத்துல இருந்து தேர்ந்தெடுத்த பாட்டுகள அருஞ்சொற்பொருளோட 100 காப்பி தைரியமா போட்டோம். அந்தப் பையன் போன் நம்பர வாங்கி வைக்காமப் போனோமேன்னு தான் இருக்கு.

கடன் பத்தியும் சொல்லிருதேன். சேகரத்துக்கு (ஒரு ஐயருக்குக் கீழ உள்ள சபைகளுக்கு) புத்தகம் கடனா குடுப்போம், ஐயர் மாத்தலாகிப் போவார், புதுசா வர்ற ஐயருக்கு ஒண்ணும் தெரியாது, பாக்கி அப்படியே நிக்கும். யாரும் ஏமாத்தணும்னு பண்றது இல்ல, ஆனா அப்படியே லட்சக்கணக்குல போயிருக்கு. இப்ப பத்து புத்தகத்துக்கு மேல கடன் கிடையாது, வித்த அப்புறம் தான் அடுத்த பத்து. மூணு வருஷத்துக்கு ஒருக்கா எலெக்‌ஷன் வந்து கமிட்டி மாறுது, மாறும்போது கடைக் கணக்கும் சேந்து மாறுது, புது ஆளுக பழைய திட்டத்த தூக்கி வச்சுட்டு திரும்ப விழா மலர்ல ஆரம்பிக்காங்க. அதனால கடைக்குன்னு தனி பேங்க் அக்கவுண்ட், தனி ஆடிட் வேணும்னு கெஞ்சி வாங்கிட்டேன். இத மட்டும் நான் வர்றதுக்கு முன்னாடியே பண்ணிருந்தாங்கன்னா எத்தனையோ காப்பாத்திருக்கலாம்.

தபால் பத்தி நான் சொல்லாம விட்டா எப்படி. 2024 டிசம்பர்ல பதிவு புத்தகத் தபால திடீர்னு நிறுத்தினாங்க, அப்ப ஒரு சின்னப் புத்தகம் அனுப்ப புத்தக விலையில பாதி ஆச்சு, நாங்க நாலு மாசம் பார்சலே அனுப்பல. 2025 மே 1-ல இருந்து ஞான் போஸ்ட்னு ஒண்ணு வந்துருக்கு, 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, 5 கிலோ வரைக்கும் 100 ரூபா, வரி தனி. மதப் புத்தகங்களும் அதுல சேரும். ஆனா மாசப் பத்திரிகை அதுல போகாது, விளம்பரம் போட்ட புத்தகமும் போகாது, அச்சகத்தார் பேரோ வெளியிட்டவங்க பேரோ புத்தகத்துல இருந்தாகணும். எங்களோட பழைய சின்னப் புத்தகங்கள்ல அந்தப் பேரு இல்லாம திருப்பி விட்டுட்டாங்க, அதனால அட்டையில மறக்காம போடுங்க. 300 கிராமுக்குள்ள அடங்கிற மாதிரி பேப்பர் கனத்த முன்னாடியே பாத்து முடிவு பண்ணுங்க, நாங்க இப்ப புத்தகத்த தராசுல வச்சுட்டு தான் பிரஸ்ஸுக்கே ஃபைல் அனுப்புதோம்.

ஆயுள் சந்தாக்காரங்க கிட்ட நேர்ல போய், ஐயா நீங்க குடுத்த காசு தீந்து போச்சு, நாங்க உங்கள மறந்துட்டோம், மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லித் தான் ஆரம்பிச்சேன். பாதிப் பேரு அங்கேயே வருஷ சந்தா குடுத்தாங்க. ஒருத்தர் மட்டும் கோபமாப் பேசினார், அவர் பேசினது சரி தான். ஆயுள் சந்தாவே இனி வாங்கிறதில்ல, அதிகபட்சம் மூணு வருஷம்.

இப்ப லெட்ஜர்ல 640 பேரு இருக்காங்க, உயிரோட, போன் நம்பரோட, என்ன வாசிப்பாங்கங்கிற குறிப்போட. அதுல 112 பேருக்கு பெரிய எழுத்து. திசையன்விளை ஆச்சிக்கு ஆராதனைப் புத்தகம் 20 பாயிண்டுல போட்டு நானே கொண்டு போய்க் குடுத்தேன், பேத்திக்கு புது எழுத்துக் கீர்த்தனையும். ஆச்சி பைண்டிங்க விரிச்சுப் பாத்துட்டு, "இது ஒட்டினதா, தச்சதா? ஒட்டினா ரெண்டு வருஷத்துல தாள் தாளாக் கழண்டுரும்"னாங்க. அடுத்த பதிப்பு தச்சுத் தான் போட்டோம், காப்பிக்கு 9 ரூபா கூட ஆச்சு.

எங்க சபை அச்சகம் என்னாகும்னு தெரியல. மெயின் ரோட்டுல இருக்க இடம், அத இடிச்சுட்டு கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம்னு ஒரு தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு வருது. மெஷின வித்தாலும் எனக்கு வருத்தம் உண்டு, அப்பா நின்ன இடம் அது, ஆனா மெஷின் இல்லாம கூட வெளியீடு நடத்தலாம், வெளிய குடுத்து அடிச்சுக்கலாம். கடைக்கு ஒரு ரூம், ஊர் ஊராப் போறதுக்கு ஒரு ஆளுக்குச் சம்பளம், இந்த ரெண்டையும் அந்த வாடகைப் பணத்துல இருந்து எழுத்துல உறுதி பண்ணித் தாங்கன்னு தான் கேக்கப் போறேன். எனக்கு 65 ஆகுது, பஸ் ஏறி இறங்க முழங்கால் ஒத்துக்க மாட்டேங்கு. லெட்ஜர ஊர் வாரியா பிரிச்சு டைப் பண்ணி 30 காப்பி எடுத்து வச்சிருக்கேன், கமிட்டியில ஒவ்வொருத்தர் கையிலயும் குடுக்க, அவங்கவங்க ஊர்ல யாரு வாசிக்காங்கன்னு அவங்களே பாக்கட்டும்.

இன்னொண்ணு. சபைப் பத்திரிகையோட பழைய இதழ்கள கோத்து வச்சதுல எங்ககிட்ட நிறைய வருஷம் இல்ல, 1942-ல இருந்து 1946 வரைக்கும் ஒரு தாள் கூட இல்ல, பேப்பர் தட்டுப்பாட்டுக் காலம், கொஞ்சமாத் தான் அடிச்சிருப்பாங்க. நெல்லை, தூத்துக்குடி பக்கம் உங்க வீட்டுப் பரண்லயோ தாத்தாவோட டிரங்குப் பெட்டியிலயோ அப்படி ஏதாவது இருந்தா, பழைய பேப்பர்க்காரர்ட்ட எடை போடுறதுக்கு முன்னால உங்க ஊர் ஐயர் கிட்டயோ உபதேசியார் கிட்டயோ ஒரு தடவ காட்டிருங்க. குடுக்க மனசு இல்லைன்னா வேண்டாம், ஒவ்வொரு பக்கமா போன்ல போட்டோ எடுத்து வச்சாலே போதும்.